முப்பத்தேழாம் பொறியும் நாலு குல்லாய்களும்

எலி ஆராய்ச்சிக்குப் புதிதாக வந்திருக்கிற உங்களுக்குக் கொடுத்த சாக்கில் ஐம்பது தகரப் பொறிகள் இருக்கும். ஒரு டப்பா நிறைய இரை உருண்டை இருக்கும். நூல் கட்டிய பென்சிலோடு ஒரு நோட்டு இருக்கும். எல்லாவற்றுக்கும் அடியில், கைக்குழந்தைக்குப் போடுகிற கம்பளிக் குல்லாய் நாலு இருக்கும். பொறிக்கும் இரைக்கும் நோட்டுக்கும் காரணத்தை உங்களுக்குப் படிப்பிலேயே சொல்லிக் கொடுத்திருப்பார்கள். குல்லாய்க்கு யாரும் சொல்லியிருக்க மாட்டார்கள். அதைச் சொல்லத்தான் என்னைக் கூப்பிட்டு இந்த நாற்காலியில் உட்கார வைத்திருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். மற்றபடி உங்களுக்குச் சொல்லித்தர என்னிடம் ஒன்றுமில்லை. நீங்கள் எல்லாம் பட்டம் வாங்கியவர்கள். நான் ஆறாம் வகுப்பை இரண்டு பள்ளிக்கூடத்தில் பாதிப் பாதியாகப் படித்தவன்.

எலி மேல் ஆசைப்பட்டு நான் இந்த வேலைக்கு வரவில்லை. அதற்கு முன்னால் மேட்டுப்பாளையத்துக்குக் கேரட் ஏற்றிப்போகும் லாரியில் கிளீனராக இருந்தேன். தைலம் காய்ச்சும் கொட்டகையில் இலை அள்ளினேன். குந்தா பக்கம் தண்ணீர்க் குழாய்க்குப் பெயின்ட் அடித்தேன். டீ எஸ்டேட்டில் மருந்தடித்தேன். எந்த வேலையிலும் இரண்டு மழைக்காலத்தைத் தாண்டியதில்லை. என் கால் ஓரிடத்தில் நிற்காது. நிற்காத காலுக்கு ஏற்ற வேலை ஒன்று மஞ்சூருக்கு மேலே ஓர் எஸ்டேட்டில் இருக்கிறது, காலையில் மூன்று மைல், மாலையில் அதே மூன்று மைல் நடக்க வேண்டும், நடுவில் தூங்கலாம், மூன்று வேளையும் சாப்பாடு உண்டு என்றார்கள். எலி பிடிக்க வேண்டும் என்பதை அங்கே போன பிறகுதான் சொன்னார்கள். அதற்குள் நான் ஒரு வேளை சாப்பிட்டுவிட்டிருந்தேன்.

மலையில் பிளாஸ்டிக் பைக்குத் தடை வருவதற்கு நாலைந்து வருடம் முந்தி நடந்தது இது. நாங்கள் மூன்று பேர். ஒருவர், சென்னையிலிருந்து வந்து எலியைப் பற்றிப் பெரிய படிப்புப் படித்துக்கொண்டிருந்த அம்மா. நான் அவரை மேடம் என்பேன். எஸ்டேட் ஆட்கள் குடியிருக்கும் லைன் வீட்டுப் பெண்கள் 'எலி மேடம்' என்பார்கள். அவர் எலியை ஒழிக்க வந்த அதிகாரி என்பது அவர்கள் எண்ணம்.

"ஏனுங்க, எங்க ஊட்டு எலிய எப்பப் புடிக்கப் போறீங்க?" என்று வழியில் மறித்துக் கேட்பார்கள்.

"லிஸ்ட்டுல இருக்குதுங்க, அடுத்த வாரம் உங்க லைன்தான்" என்று நான் சொல்வேன். அப்படிச் சொன்னால் ஒரு டம்ளர் டீ கிடைக்கும். ஆறு லைன்களில் அப்படி வாக்குக் கொடுத்து வைத்திருந்தேன்.

இன்னொருத்தி அதே எஸ்டேட்டில் கொழுந்து பறித்துக்கொண்டிருந்தவள். சின்ன வயதில் அப்பா அம்மாவோடு சிலோனிலிருந்து கப்பலேறி வந்தவள். என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். பெயரைச் சொன்னால் இப்போதும் சண்டைக்கு வருவாள், அதனால் நான் அப்போது வைத்த பட்டப் பெயரையே சொல்கிறேன்: கங்காணி. மேற்பார்வை செய்ய ஆளில்லாத இடத்திலும் மேற்பார்வை செய்வாள். நிலக்கடலையும் ராகி மாவும் வாழைப்பழமும் பிசைந்த இரை உருண்டையில் கருவாட்டுத் தூளைச் சேர்க்கச் சொன்னது அவள்தான். எலிக்காக என்று மேடத்திடம் சொன்னாள். பாதி உருண்டை என் வயிற்றுக்குப் போவதைப் பார்த்துவிட்டுத்தான் சேர்த்தாள். நான் கருவாட்டோடும் தின்றேன்.

நாங்கள் தேடியது நீள்வால் மரச்சுண்டெலி. உடம்பு என் நடுவிரல் நீளம்தான். வால் அதைப்போல ஒன்றரை மடங்கு. முதுகு செம்பழுப்பு, வயிறு வெள்ளை. முதல் விரலிலும் கடைசி விரலிலும் நம்முடையதைப் போலவே தட்டையான நகம். வாலைக் கிளையில் சுற்றிச் சுற்றிப் பிடித்துக்கொண்டு, கம்பி மேல் நடப்பவன் மாதிரி போகும். இந்த மலையும் பக்கத்து மலை ஒன்றிரண்டும் தவிர அதற்கு வேறு ஊர் கிடையாது. சோலையை வெட்டித் தேயிலை வைத்தால் தேயிலையில் இறங்கிப் பிழைத்துக்கொள்ளவும் அதற்குத் தெரியாது. அது எங்கே, எப்படிக் கூடு கட்டிக் குட்டி போடுகிறது என்று நேரில் பார்க்க வேண்டும் என்பது மேடத்தின் ஆசை. இரண்டு வருடம் அலைந்தும் ஒரு கூடுகூட அவர் கண்ணில் படவில்லை.

அதனால் பொறிகளைத் தரையில் வைக்காமல் மரக்கிளைகளில் கட்டி வைப்போம். மாலையில் திறந்து இரை வைப்பது, விடிந்ததும் போய்ப் பார்ப்பது, பார்த்த பின் மூடிவிடுவது. ஒன்று முதல் இருபத்தைந்து வரை கங்காணிக்கு. இருபத்தாறு முதல் ஐம்பது வரை எனக்கு. பார்த்து முடித்து ஒரு தட்டைப் பாறையில் கூடுவோம். அங்கேதான் கங்காணி தன் 'பெரட்டு' எடுப்பாள். எஸ்டேட்டில் காலையில் ஆட்களைப் பெயர் கூப்பிட்டுக் கணக்கெடுப்பதை அவள் ஊரில் அப்படிச் சொல்வார்களாம். இங்கே மஸ்டர் என்கிறோம். பெயர் கூப்பிடும்போது பதில் வராதவனுக்கு அன்றைக்கு வேலை இல்லை. அதே கண்டிப்போடு ஐம்பது பொறிகளையும் எண் சொல்லிக் கூப்பிடுவாள்.

"இருவத்தாறு?"

"காலிங்க."

"இருவத்தேழு?"

"ஆள் உள்ள இருக்குதுங்க."

நோட்டில் அதை மேடம் எழுதிக்கொள்வார். ஆள் இருந்தால் துணிப்பையில் மாற்றி எடை போட்டு, இடுப்பில் துளி ரோமம் கத்தரித்து அடையாளம் வைத்து, பிடித்த இடத்திலேயே விட்டுவிடுவோம்.

நான் ஒவ்வொரு பொறிக்கும் ஒவ்வொரு குரலில் பதில் சொல்வேன். முப்பதாம் பொறிக்கு இருமலோடு கிழவர் குரல். நாற்பத்திரண்டுக்கு மூக்கால் பேசும் குரல். மருந்தடித்த காலத்தில் வேலைக்கு வராத கூட்டாளிகளுக்காக மஸ்டரில் 'உள்ளேனுங்க' சொல்லிப் பழகிய தொண்டை அது. மூன்று பேருக்கு மூன்று குரல் வைத்திருந்தேன். ஒரு நாள்கூட மாட்டியதில்லை. என் வாழ்க்கையில் நான் முறையாகக் கற்றுக்கொண்ட ஒரே தொழில் அதுதான் என்று அப்போது பெருமையாக நினைத்திருந்தேன்.

அந்த முறை பதினோரு நாள் வேலை. முதல் நாள் காலையில் முப்பத்தாறாம் பொறியில் ஒரு மரச்சுண்டெலி கிடைத்தது. பெண். வயிறு உருண்டிருந்தது. மேடம் அதைக் கையில் வைத்துக்கொண்டு மூச்சுவிடவே பயந்தார். "பத்து நாளுக்குள்ள குட்டி போட்டுடும்" என்றார். இடது இடுப்பில் ரோமம் கத்தரித்து விட்டுவிட்டோம்.

முப்பத்தேழாம் பொறி அதற்கு நேர் எதிரில், ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு மரத்தில் இருந்தது. முதல் நாள் ஒழுங்காக ஓடையைத் தாண்டிப் போய்ப் பார்த்தேன். காலி. திரும்பும்போது பாசிக்கல்லில் வழுக்கி விழுந்து ஒரு செருப்பு ஓடையோடு போயிற்று. கரையேறி வேட்டியை அவிழ்த்துப் பார்த்தால் அட்டை. முப்பது வரை எண்ணிவிட்டு எண்ணுவதை நிறுத்திவிட்டேன். அன்று சாயங்காலம் மட்டும் திரும்பப் போய்த் திறந்து வைத்தேன். மறுநாளிலிருந்து மழை. ஓடையில் தண்ணீர் தொடை வரை வந்தது.

அப்போதுதான் எனக்கு ஒரு யோசனை தோன்றியது. பொறியின் வாய் இந்தக் கரையிலிருந்தே நன்றாகத் தெரிகிறது. எலி உள்ளே போனால் கதவு விழுந்துவிடும். கதவு திறந்திருந்தால் காலி. பிறகு எதற்குத் தண்ணீரில் இறங்க வேண்டும்? இரண்டாம் நாள் காலையில் இந்தக் கரையில் நின்று பார்த்தேன். வாய் திறந்திருந்தது. பெரட்டில் "முப்பத்தேழு?" என்றதும் புது மாப்பிள்ளை குரலில் "காலிங்க" என்றேன். மேடம்கூடச் சிரித்தார். மூன்றாம் நாளும் அப்படியே. பத்தாம் நாள் வரை அப்படியே. காலையில் அதை மூடவுமில்லை, மாலையில் புது இரை வைக்கவுமில்லை. அந்த உருண்டைகளை என்ன செய்தேன் என்பதைச் சொல்லத் தேவையில்லை.

பதினோராம் நாள் காலையில் மூடுபனி. கை நீட்டினால் விரல் தெரியாத பனி. அன்றைக்குப் பொறிகளை எல்லாம் அவிழ்த்துச் சாக்கில் போட்டுக்கொண்டு பத்து மணி பஸ்ஸைப் பிடிக்க வேண்டும். ஊட்டி பாரஸ்ட் ஆபீசில் மேடத்தை மத்தியானம் வரச் சொல்லியிருந்தார்கள். நோட்டின் நகலைக் காட்டினால்தான் அடுத்த மாதத்துக்கு அனுமதி. அந்த அனுமதியில் ஒரு கண்டிப்பான வரி உண்டு: எங்கள் கவனக்குறைவால் பொறியில் ஒரு உயிர் போனாலும் வேலை அதோடு சரி. ஊட்டிக்குப் போய்விட்டு நாலாம் நாள்தான் திரும்புவதாக ஏற்பாடு.

நான் ஓடைக் கரைக்குப் போனேன். எதிர்க் கரை தெரியவில்லை. மரமும் தெரியவில்லை. தண்ணீர்ச் சத்தம் மட்டும் கேட்டது. நாலு நாளில் திரும்பி வரத்தானே போகிறோம், அப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று திரும்பிவிட்டேன்.

நடந்துகொண்டே கங்காணி பெரட்டு எடுத்தாள். "முப்பத்தாறு?"

"சாக்குல ஏறிட்டானுங்க."

"முப்பத்தேழு?"

"அவனும் ஏறிட்டானுங்க. காலி."

பழக்கம் என்பது இப்படித்தான். பொய் சொல்கிறோம் என்ற எண்ணம்கூட வரவில்லை. வராத கூட்டாளிக்கு ஒரு வேளை ஆஜர் போட்ட மாதிரிதான் இருந்தது.

பஸ்ஸில் நாங்கள் மூவரும் ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். இரண்டு கொண்டை ஊசி வளைவு இறங்கியதும் மேடம் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டே சொன்னார்: "அந்த ஒருத்தி திரும்ப ஒரு பொறியிலயும் விழல. இன்னிக்கோ நாளைக்கோ குட்டி போடற நேரம். பசியும் ஜாஸ்தியா இருக்கும். எங்க இருக்கோ."

எனக்கு அப்போதுதான் உறைத்தது. ஒன்பது நாளாக வாய் திறந்திருந்ததைப் பார்த்தேன். இன்றைக்குப் பார்க்கவில்லை. முந்தின ராத்திரி அந்தக் கதவு விழுந்திருந்தால்? தகரப் பெட்டி. வெளியே உறைகிற குளிர். உள்ளே இரை கிடையாது. குளிருக்கு நாங்கள் வைக்கிற ஒரு பிடி பஞ்சு மட்டும். நாலு நாள் வேண்டாம், அன்று சாயங்காலம் வரைகூடத் தாங்காது. சொன்னால் என் வேலை போகும், மேடத்துக்கு அனுமதி போகும். சொல்லாவிட்டால் அது சாகும். அதன் வயிற்றில் இருப்பதும் சாகும்.

இந்த இடத்தில் ஒரு நல்ல மனிதன் எழுந்து உண்மையைச் சொல்லியிருப்பான். நான் எழுந்து நின்று வயிற்றைப் பிடித்துக்கொண்டேன்.

"கண்டக்டருங்க, கொஞ்சம் நிறுத்துங்க. வயித்து வலிங்க."

"இந்த எறக்கத்துல நிறுத்த முடியாதுங்க. மஞ்சூருல பாத்துக்கலாம், ஒக்காருங்க" என்றார் கண்டக்டர்.

"அவ்வளவு நேரம் தாங்காதுங்க."

"தாங்கலைன்னா ஜன்னல் பக்கம் போங்க."

"அந்த வலி இல்லீங்க."

கங்காணி என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "காலையில ஏழு ரொட்டி தின்னப்ப வலிக்கலையா? இங்க ஒக்காரு. எத்தினி?"

"என்ன எத்தினி?"

"சாக்குல எத்தினி இருக்கு?"

நான் உட்கார்ந்தேன். தொண்டையில் இருந்த அத்தனை குரலும் போய் என் சொந்தக் குரல் மட்டும் மிச்சமிருந்தது. "நாப்பத்தொம்போது" என்றேன். "முப்பத்தேழு மரத்துலதான் இருக்குது. இன்னிக்கு வாய் திறந்திருந்துச்சா மூடியிருந்துச்சான்னு நான் பாக்கல."

மேடம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். முகம் வெளுத்துவிட்டது. நோட்டைத் திறந்து முப்பத்தேழைத் தேடினார். கங்காணியும் என்னைத் திட்டவில்லை. எழுந்து நின்று கம்பியில் பட் பட்டென்று அடித்தாள்.

"வண்டிய நிப்பாட்டுங்க. மேல ஒருத்திக்கு மாசம் நெறஞ்சிருக்கு. கதவு பூட்டிக்கிச்சு, உள்ள தனியா கெடக்கா. இப்ப போகாட்டி உசுரு தங்காது."

பஸ் நின்றது. முழு இறக்கத்தில், வளைவின் நடுவில் நின்றது. டிரைவர் திரும்பிப் பார்த்தார். கண்டக்டர் பதறிப்போய்க் கதவைத் திறந்துவிட்டார். "மொதல்லயே சொல்றதில்லீங்களா? வயித்து வலின்னு சொல்றாரு இந்த மனுசன். யாருக்குன்னு சொல்ல வேண்டாமுங்களா? வேணும்னா கீழ போயி ஜீப்பு அனுப்பட்டுங்களா?"

"ஜீப்பு போற எடமில்ல" என்று சொல்லிவிட்டு கங்காணி குதித்து இறங்கினாள்.

கங்காணி பொய் சொல்லி நான் கேட்டது அன்றைக்கு ஒரு முறைதான். அதைப் பொய் என்று சொல்வதற்கும் வழியில்லாமல் போயிற்று.

ரோட்டு வழி போனால் தூரம். அவள் தேயிலை நடுவே குறுக்கே ஏறினாள். கொழுந்து பறிக்கிறவர்களின் நடை அது, செடி தானாக விலகுகிற மாதிரி இருக்கும். பின்னால் போன மேடத்தையும் என்னையும் எந்தச் செடியும் விலகி விடவில்லை. ஒற்றைச் செருப்போடு ஏறினேன். மேலே போய்ச் சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அந்த இரண்டு மணி நேரமும் மேடம் ஒரு வார்த்தை பேசவில்லை. திட்டியிருந்தால் ஏற்றம் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

ஓடைக் கரைக்கு வந்தபோது பனி விலகியிருந்தது. எதிர்க் கரை மரம் தெரிந்தது. பொறி தெரிந்தது. வாய் திறந்திருந்தது.

எனக்குப் போன உயிர் வந்தது. உயிர் வந்ததும் பழைய குரலும் வந்துவிட்டது. "நாஞ் சொன்னேனில்லீங்க? காலி" என்றேன்.

"நீ இங்கினயே நில்லு" என்றாள் கங்காணி. சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தண்ணீரில் இறங்கினாள். அந்தப் பக்கம் ஏறி, மரத்தடிக்குப் போய், பொறியைத் தொடாமல் எட்டிப் பார்த்தாள். பிறகு எங்கள் பக்கம் திரும்பி, வாயில் விரல் வைத்துக் காட்டிவிட்டு, மேடத்தைக் கையசைத்துக் கூப்பிட்டாள். மேடம் செருப்போடு இறங்கினார். யாரும் கூப்பிடாமலே நானும் இறங்கினேன்.

பொறிக்குள் பொறியே தெரியவில்லை. பாசியும் நார் நாராகக் கிழித்த இலையும் நாங்கள் வைத்த பஞ்சும் சேர்த்து உருட்டி அடைத்திருந்தது. எலி மிதித்தால் கதவை விழ வைக்கும் தகடு அந்த மெத்தைக்கு அடியில் அசைய முடியாமல் போயிருந்தது. எத்தனை எலி போய் வந்தாலும் அந்தக் கதவு இனி விழாது. மெத்தையின் நடுவில் ஒரு ஓட்டை. அதில் இரண்டு கறுப்புக் கண். இடது இடுப்பில் கத்தரித்த ரோமம். அதன் வயிற்றுக்குக் கீழே, தோல் உரித்த பச்சை நிலக்கடலை போல நாலு.

மேடம் வாயைப் பொத்திக்கொண்டு அழுதார். அப்புறம் இரண்டடி பின்னால் வந்து, நோட்டை எடுத்து, ரகசியமாகக் கேட்டார்: "நேத்துக் காலைல இது எப்படி இருந்துச்சு?"

புதிதாக வந்தவர்களே, இந்த இடத்துக்காகத்தான் இவ்வளவும் சொன்னேன். அந்தக் கேள்விக்கு என்னிடம் அருமையான பதில் ஒன்று இருந்தது. 'நேத்து வெறும் பெட்டியா இருந்துச்சுங்க' என்றால் போதும். நோட்டில் உள்ள ஒன்பது 'காலி'யோடும் அது சரியாகப் பொருந்தும். என் வேலையும் நிலைக்கும். எந்த உயிருக்கும் கேடில்லை. மேடமும் சந்தோஷப்படுவார். ஒரே ராத்திரியில் கூடு கட்டிக் குட்டி போடுகிற எலி என்று எழுதிக்கொள்வார். படித்தவர்கள் அதைப் படித்துவிட்டு அவர்களும் எழுதிக்கொள்வார்கள். அந்த எலி போய் மறுப்புச் சொல்லப் போவதில்லை.

கங்காணி என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பெரட்டு எடுக்கும்போது பார்க்கிற பார்வை.

"தெரியாதுங்க" என்றேன்.

மேடத்துக்குப் புரியவில்லை. "நேத்து? நீங்கதானே பாத்தீங்க?"

"நேத்து இந்தப் பக்கம் வரலைங்க. அந்தக் கரையில நின்னு பாத்தேன்."

"முந்தாநாள்?"

"தெரியாதுங்க."

"அதுக்கு முந்தி?"

"தெரியாதுங்க."

அவர் ஒவ்வொரு நாளாகக் கேட்டார். நானும் ஒவ்வொரு நாளுக்கும் சொன்னேன். ஒன்பது முறை. ஒரே குரலில். பிறகு அவர் நோட்டைப் புரட்டி, முப்பத்தேழுக்கு நேரே, முதல் நாளுடையதை விட்டுவிட்டு, மிச்சம் இருந்த ஒன்பது 'காலி'யையும் ஒரு கோடு போட்டு அடித்தார். பக்கத்தில் 'பார்க்கவில்லை' என்று எழுதினார். ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் என்னைக் கையெழுத்துப் போடச் சொன்னார். குளிரில் விரல் மரத்துப்போனதில் ஒன்பதும் ஒன்பது ஆள் போட்ட மாதிரி இருந்தன. என்ன, அந்த ஒன்பது பேருமே நான்தான்.

"தினம் நீங்க கைய விட்டு இரை மாத்தியிருந்தா அது இங்க கூடு கட்டியிருக்காது" என்றார் மேடம். "அதனால உங்களுக்கு நன்றி சொல்லணும். அப்புறம், கதவு மட்டும் விழுந்திருந்தா நீங்க அதைக் கொன்னிருப்பீங்க. ரெண்டும் உண்மை. ஒண்ணைச் சொல்லி இன்னொண்ணை மறைச்சுக்காதீங்க."

வேலையை விட்டு அனுப்புவார் என்று சாக்கைக் கீழே வைத்துவிட்டு நின்றேன். அவர் அனுப்பவில்லை. அதைவிடப் பெரிய தண்டனை கொடுத்தார். ஊட்டிக்கு அன்று போகாததால் அனுமதி இரண்டு வாரம் தள்ளிப் போயிற்று. அதுவரை புதிதாகப் பொறி வைக்கக் கூடாது. அந்த இரண்டு வாரமும் விடிந்ததிலிருந்து இருட்டும் வரை நான் ஓடையின் இந்தக் கரையில் அசையாமல் உட்கார்ந்து முப்பத்தேழைப் பார்க்க வேண்டும். பார்த்ததை என் கையால் எழுத வேண்டும். பார்க்காததை எழுதக் கூடாது.

ஓரிடத்தில் நிற்காத காலை உட்கார வைத்தால் என்ன ஆகும் என்று உங்களுக்குத் தெரியாது. அதுவும் அந்த எலி ராத்திரியில்தான் நடமாடும். பகல் முழுக்கத் தூங்கும். முதல் நாள் என் நோட்டில் இப்படி இருந்தது: 'தூங்குது. தூங்குது. அட்டை கடிச்சுது. தூங்குது.' மேடம் அட்டையை அடித்துவிட்டு மற்றதை வைத்துக்கொண்டார். நாலாம் நாள் சாயங்காலம், வெளிச்சம் இருக்கும்போதே அது ஓட்டையிலிருந்து தலை நீட்டி, வாலை முதலில் கிளையில் சுற்றிப் பார்த்து, பிடி கெட்டியாக இருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் உடம்பை வெளியே எடுத்தது. அதை எழுத எனக்கு ஒரு பக்கம் பிடித்தது. நான் கையால் எழுதி முடித்த முதல் முழுப் பக்கம் அதுதான்.

இதற்கிடையில் ஒரு நாள் மேடத்தின் தபாலைப் போட மஞ்சூருக்குப் போன இடத்தில் அந்தக் கண்டக்டர் பிடித்துக்கொண்டார்.

"ஏனுங்க, அன்னிக்கு அந்தப் புள்ளைக்கு என்னாச்சுங்க?"

"நல்லபடியா ஆச்சுங்க."

"என்ன கொழந்தைங்க?"

"நாலுங்க."

அவர் டிக்கெட் கிழிப்பதை நிறுத்திவிட்டார். "நாலுங்களா?"

"நாலுங்க."

"ஆசுபத்திரி இல்லாமயா? தாயி?"

"தாயும் சௌக்கியமுங்க. நாங்க போனப்ப எல்லாம் முடிஞ்சு அதுவே படுத்திருந்துச்சுங்க."

மறு வாரம் தபாலோடு நான் இறங்கி வந்தபோது பஸ் வளைவில் நின்றது. கண்டக்டர் இறங்கி வந்து காகிதப் பொட்டலம் ஒன்றைக் கொடுத்தார். "ஊட்டுல பின்னிக் குடுத்தாங்க. குளுரு காலம். நாலு கொழந்தைக்கும் போடச் சொல்லுங்க" என்றார். பிரித்தால் நாலு கம்பளிக் குல்லாய். சிவப்பு, பச்சை, மஞ்சள், நீலம். ஒன்றோடொன்று குழம்பிவிடக் கூடாதென்று நாலு நிறத்தில் பின்னியிருந்தார்கள்.

எனக்கு இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. பழைய ஆளாக இருந்திருந்தால் அந்தக் குழந்தைகளுக்குப் பெயரும் வைத்து, ஒரு பெயருக்கு ஒரு டீ என்று வருடக்கணக்கில் குடித்திருப்பேன். மூன்றாம் நாள் பஸ் வரும் நேரத்துக்கு வளைவில் போய் நின்று, ஏறி, அவர் பக்கத்தில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். பொறி, ஓடை, ஒன்பது நாள், எல்லாம்.

அவர் கேட்டுவிட்டு, "எலிக்குங்களா நான் எறக்கத்துல வண்டிய நிறுத்துனேன்?" என்றார். இரண்டு ஸ்டாப்பில் ஆள் ஏற்றினார், இறக்கினார். என்னிடம் டிக்கெட்கூடக் கேட்கவில்லை. மூன்றாவது ஸ்டாப் தாண்டியதும் என் பக்கம் குனிந்தார்.

"நாலும் நல்லா இருக்குதுங்களா?"

"கண்ணு தொறந்துடுச்சுங்க" என்றேன்.

"அப்பறம் குல்லாய எதுக்குத் திருப்பித் தர்றீங்க, வெச்சுக்குங்க" என்றார்.

அடுத்த முறை பொறி வைத்தபோது, எலியை எடை போடத் துணிப்பைக்குப் பதிலாகக் குல்லாயில் போட்டுப் பார்க்கலாம் என்று சொன்னது கங்காணி. துணிப்பையில் விடிகாலைக் குளிருக்கு எலி வெடவெடவென்று நடுங்கும். குல்லாய்க்குள் போனதும் சுருண்டுகொண்டு பேசாமல் இருந்தது. அன்றிலிருந்து குல்லாய்தான். உங்கள் சாக்கில் இருப்பது எத்தனாவது தலைமுறைக் குல்லாயோ எனக்குத் தெரியாது. பழையது நைந்து போனால் நாலு நிறத்தில்தான் புதிது பின்ன வேண்டும்.

அந்த முறை பெரட்டு இன்னும் என் காதில் இருக்கிறது. முப்பத்தேழை அது இருந்த மரத்திலேயே விட்டுவிட்டு, மற்ற நாற்பத்தொன்பதையும் பார்த்து முடித்துப் பாறைக்கு வந்தோம். கங்காணி வழக்கம்போலக் கூப்பிட்டாள்.

"முப்பத்தாறு?"

"காலிங்க. தொட்டுப் பாத்தேன்."

"முப்பத்தேழு?"

நான் வாய் திறக்கவில்லை. இல்லாத ஆளுக்குப் பதில் சொல்லும் பழக்கத்தை விட்டிருந்தேன். கங்காணி மேடம் பக்கம் திரும்பி, முகத்தில் சிரிப்பே இல்லாமல் சொன்னாள்: "பெரசவ லீவு. எழுதிக்கிருங்க."

மேடம் அப்படியே எழுதிக்கொண்டார்.

பல வருடம் கழித்து மேடத்தின் கட்டுரை அச்சில் வந்தது. ஒரு பிரதி எனக்கும் அனுப்பியிருந்தார். இங்கிலீஷ். லவ்டேலில் வேலை பார்த்த ஒரு வாத்தியாரிடம் கொண்டுபோய்ப் படித்துச் சொல்லச் சொன்னேன். கூட்டைப் பற்றி இரண்டு பக்கம் இருந்தது. என்னைப் பற்றி ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். அவர் தேடிப் பார்த்துவிட்டு, பெயர் எங்கும் இல்லை, ஆனால் கூடு கட்ட எத்தனை நாள் ஆகும் என்று சொல்ல வேண்டிய இடத்தில் ஒரு வரி இருக்கிறது என்றார். 'சரியாகத் தெரியாது, இந்தப் பொறி ஒன்பது நாள் பார்க்கப்படவில்லை.'

அந்த வரியின் கீழ் பென்சிலால் கோடு போட்டுக் கொடுக்கச் சொல்லி வாங்கி வந்தேன். அதைக் கங்காணியிடம் காட்டினேன். அவள் அந்த வரி மேல் விரலை வைத்து, "ஆஜர்" என்றாள்.